பாக்கியத்துக்குப் பேப்பர் வச்ச பேரு

1998, ஆவணி, வெள்ளிக்கிழமை.

முந்தாநாள் என் மக பாக்கியத்தை அவ புருசன் அரிவாளால வெட்டிட்டான். பூ மார்க்கெட் வேலைக்குப் போகாதேன்னான், அவ போனா. நடந்தது அம்புட்டுத்தான்.

இன்னைக்கு ஆசுபத்திரிக்குப் போக நிலக்கோட்டையில பஸ்சுக்கு நின்னேன். பெட்டிக்கடையில பேப்பர் போஸ்டர் தொங்குது. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். கள்ளக்காதல் தகராறு, பூக்காரிக்கு வெட்டுன்னு போட்டிருக்கு. எங்க வாசல்ல வந்து பேப்பர்காரன் ஒருத்தனும் கேக்கல.

கடைக்கார முருகன்கிட்ட, "அதைக் கழட்டிப் போடு அப்பு"ன்னேன்.

"குடுத்ததத் தொங்க விடுறேன் ஆத்தா. நானா எழுதுனேன்?"

"உன் பொண்டாட்டி பிரசவத்துக்கு விடிய விடிய முழிச்சுக் கெடந்தவ பாக்கியம்டா."

அவன் பாட்டுக்குப் பாக்குப் பொட்டலத்தை அடுக்குனான். செத்தாலும் அவனை மறக்க மாட்டேன்.

ஆசுபத்திரியில வார்டு வாசல்ல உக்காந்திருந்தேன். ஆயா எட்டிப் பாத்தா. வையவும் இல்லை, மாத்திரைக்குக் கூப்பிடுற மாதிரி சாதாரணமாத்தான் கூப்பிட்டா.

"கள்ளக்காதல் கேசுக்கு யாரு வந்திருக்கீங்க? ரத்தம் ஏத்தணும், கையெழுத்துப் போட வெரசா வாங்க."

வராண்டாவே திரும்பிப் பாத்துச்சு. அவ பேரு பாக்கியம்னு சொல்ல வாயெடுத்தேன். செத்த நேரம் சண்டை போட்டு நின்னா ரத்தம் ஏத்த தாமசமாயிருமேன்னு பயம் வந்துருச்சு.

"நான்தாம்மா"ன்னு எந்திரிச்சுப் போனேன்.

அவ கட்டில் கதவோரந்தான் கெடக்கு, வாசல்ல பேசுறது அம்புட்டும் அங்க கேக்கும். பாக்கியம் கண்ணு முழிச்சுத்தான் இருந்தா.