முதல் தடவைக்கு மட்டும்

நிபே, 4 மார்ச் 1988

அன்புள்ள தோர்வால் மேஸ்திரிக்கு,

போனில் சொன்னால் நீங்கள் சிரித்துப் பேசியே என் வாயை அடைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

தச்சுவேலைக்கு உங்களைக் கூப்பிடுகிறவர்களிடம், வயரிங் செய்ய என்னைக் கைகாட்டுகிறீர்கள். அதற்குப் பதினைந்து சதவீதக் கமிஷனை நானும் முகம் சுளிக்காமல் கொடுத்து வருகிறேன். டாம் அம்மாளின் சமையலறை வேலைக்கும் போன வருஷமே கொடுத்தாயிற்று. ஆனால் இந்த ஜனவரியில் மாட்டுக்கொட்டகைக்கு விளக்குப் போட அந்த அம்மாளே நேராக எனக்குப் போன் செய்தார். அதற்கும் கமிஷன் கேட்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறீர்களே, இது என்ன நியாயம் மேஸ்திரி?

இன்னொன்று. நீங்கள் கொடுத்த, உங்கள் பெயர் போட்ட குளிர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போனால், “தோர்வாலோட கரண்டுக்காரப் பொண்ணு வந்திருக்கு” என்றுதான் வாசலில் குரல் கொடுக்கிறார்கள். எனக்கு முப்பத்தாறு வயது. என்னிடம் இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள்.

எல்சே அக்காவுக்கு என் அன்பு.

மெரேட்டெ

ஆர்ஸ், 9 மார்ச் 1988

அன்புள்ள மெரேட்டெ பொண்ணுக்கு,

கோபத்திலும் உன் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

உன் பெயர் யாருக்கும் தெரியாத காலத்தில் வீடு வீடாக, “இவ போட்ட வயரிங் எரியாது, நான் பொறுப்பு” என்று சொன்னவன் நான். என் வாக்கை நம்பித் திறந்த கதவு அது. ஒரு தடவை என் வாடிக்கை என்றால் எப்போதும் என் வாடிக்கை. டாம் அம்மாள் நாளைக்குக் கோழிக்கூண்டுக்கு பல்பு மாட்டக் கூப்பிட்டாலும் பதினைந்துதான்.

எல்சே என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, “ஏங்க, அந்தப் பொண்ணு வயித்துல அடிக்கிறீங்களே” என்கிறாள். அவளுக்கு வியாபாரம் தெரியாது. ஜாக்கெட் நல்ல கனமான துணி, குளிருக்கு ஆகும்.

தோர்வால்

நிபே, 2 மே 1988

மேஸ்திரிக்கு,

இத்துடன் ஜாக்கெட் பார்சலில் வருகிறது. துவைத்திருக்கிறேன்.

முதல் தடவை டாம் அம்மாள் கதவைத் திறந்தது உங்கள் வாக்குக்காக. இரண்டாம் தடவை திறந்தது என் வேலைக்காக. அதனால் இனி முதல் தடவைக்கு மட்டும்தான் கமிஷன். சம்மதமில்லை என்றால் எனக்கு வேலை அனுப்ப வேண்டாம். நீங்கள் நிறுத்தினால், வேனை விற்றுவிட்டு ஆல்போரில் ஏதாவது ஆலையில் கூலிக்கு நிற்க வேண்டி வரலாம். பயமாக இருக்கிறது என்பதற்காக அநியாயத்துக்குத் தலையாட்ட என்னால் முடியாது.

மெரேட்டெ ஸ்கோவ்

நிபே, 20 ஆகஸ்ட் 1988

அன்புள்ள தோர்வால் மேஸ்திரிக்கு,

மூன்று மாதமாக ஒரு வரி பதில் இல்லை, ஒரு வேலையும் இல்லை. ஜூனில் என் ஆட்களில் ஒருவரை நிறுத்தினேன். அன்றைக்கு வேனுக்குள் உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். டாம் அம்மாள் மாட்டுக்கொட்டகை வெளிச்சத்தைத் தம்பிக்குக் காட்டியிருக்கிறார். தம்பி யார் தெரியுமா? விளையாட்டுக் கழகத் தலைவர்! கழகம் கட்டுகிற புதுக் கூடத்தின் வயரிங் முழுக்க இப்போது என்னுடையது. நிறுத்திய ஆளைக் கூப்பிட்டுக்கொண்டேன்.

கூரைவேலைக்கு நல்ல தச்சர் யார் என்று தலைவர் கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். கோபம் கோபம்தான். ஆனால் உங்களைப் போல நேராகக் கூரை நிறுத்துகிறவர் இந்தப் பக்கத்தில் கிடையாது.

என் கமிஷன் பதினைந்து சதவீதம். கழகம் பிற்பாடு ஒரு பெஞ்சுக்கு ஆணி அடிக்கக் கூப்பிட்டாலும் பதினைந்து. உங்கள் சட்டம்தானே மேஸ்திரி? சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

மெரேட்டெ

ஆர்ஸ், 15 அக்டோபர் 1988

அன்புள்ள மெரேட்டெ மேஸ்திரிக்கு,

நேற்றுக் கழகக் கூடத்துக்குக் கூரை நிறுத்தி முடித்த விருந்தில் பாதியிலேயே நீ ஓடிவிட்டாய், பால்பண்ணையில் குளிர்ப்பெட்டி நின்றுவிட்டதென்று. நடந்ததை மற்றவர்கள் சொல்லிக் கேட்பதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

உத்தரத்தில் மாலை ஏற்றியாயிற்று, சாஸேஜும் பீரும் வந்தாயிற்று. தலைவர் கிளாஸைத் தூக்கி, “எங்களை எல்லாம் ஒண்ணு சேர்த்த மேஸ்திரி எழுந்திருக்கணும்!” என்றார். முப்பது வருஷப் பழக்கம், கால் தானாக எழுந்துவிட்டது. எல்லோரும் கை தட்ட, நானும் தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன். அப்போது தலைவர், “உங்களை இல்ல தோர்வால், மெரேட்டெ மேஸ்திரியத் தேடுறேன்” என்றார். கூடமே சிரித்தது. என் ஆட்கள்தான் அதிகம் சிரித்தார்கள், கழுதைகள்.

உட்கார்ந்தால் இன்னும் கேவலம். நின்றபடியே கிளாஸைத் தூக்கினேன். “அவ கைகாட்டித்தான் நானே இங்க நிக்கிறேன். என்னைவிடப் பெரிய மேஸ்திரி அவ. குடிங்க!” என்றேன். குடித்தார்கள். எல்சே எல்லோர் முன்னாலும் எனக்கு முத்தம் கொடுத்தாள்.

உன் பதினைந்துக்குச் செக் வைத்திருக்கிறேன். எழுதும்போது கை வலித்தது. இத்தனை வருஷம் உனக்கு வலித்தது அப்போதுதான் உறைத்தது. என்னை மன்னித்துவிடு. இனி இரண்டு பேருக்கும் உன் சட்டம்தான், முதல் தடவைக்கு மட்டும். டாம் அம்மாள் உன் வாடிக்கை. மாட்டுக்கொட்டகைச் சீட்டைக் கிழித்துப் போடு.

தோர்வால்

நிபே, 21 அக்டோபர் 1988

அன்புள்ள தோர்வாலுக்கு,

செக்கைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று எல்சே அக்கா பந்தயம் கட்டினாராமே? தோற்றுவிட்டார். அன்றைக்கே மாற்றி, பெயின்டரிடம் கொடுத்துவிட்டேன்.

வேனின் இரண்டு பக்கமும் என் முழுப் பெயர், ஒரு முழ உயரத்துக்கு, மஞ்சளில். சாலையின் அந்தக் கோடியிலிருந்தே படிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உங்கள் வீட்டு வாசலை அடைத்துத்தான் நிறுத்துவேன், சாயங்காலம் வரை எடுக்க மாட்டேன்.

மெரேட்டெ ஸ்கோவ்
மின்பணி மேஸ்திரி