வெண்புள்ளி இல்லாத என் முகம்

ஐப்பசி 9, வியாழன்

என்னோடு பேனர் வரைந்த முத்தையா என் முகத்தை அழித்துவிட்டான். கன்னத்து வெண்புள்ளிகளை மறைக்காமல் என்னை நானே வரைந்த படம் அது. நூலகக் கண்காட்சியில் மாட்டச் சொல்லி அவனிடம் கொடுத்திருந்தேன். இன்று அங்கே போனால், புள்ளிகள்மேல் ரோஸ் வண்ணம் பூசி மாட்டியிருக்கிறான்.

"ஏப்பா, பேனர் வரைஞ்ச காலத்துல அம்புட்டுப் பேரு மூஞ்சியவும் நாமதான ரோஸ் பூசி வெளுப்பாக்குனோம்? உன் மூஞ்சி மட்டும் என்ன, சாமி மூஞ்சியா?" என்று சிரித்தான்.

"அவுங்க கேட்டாங்க, பூசுனோம். நான் கேட்டனா உன்கிட்ட?" என்றேன்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரத் தயங்குபவர்கள் அந்தப் படத்தின் முன்னாலாவது நிற்கட்டும் என்றுதான் வரைந்தேன். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பூசினான்.

அவனிடமும் நூலகரிடமும் சொல்லிவிட்டேன்: நாளை காலை வரை நூலகர் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். காலையில் முத்தையா தன் கையாலேயே ரோஸைத் துடைக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் புள்ளிகளை நான் திரும்ப வைப்பேன். முடியும்வரை அவன் எனக்குக் கண்ணாடி பிடிக்க வேண்டும்.