டாக்டரம்மா வீட்டின் பின்னறை

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் "என்னக்கா, ஆபீஸ் கடிதமா" என்று கிண்டல் செய்வாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வீடு கிடைத்துவிட்டது! போனில் சொன்னால் "சரி, சரி" என்று வைத்துவிடுவாய். எழுத்தில் இருந்தால்தான் நிதானமாகப் படிப்பாய்.

கோட்டையில் என் டிக்கெட் கவுன்ட்டரிலிருந்து பஸ்ஸில் முப்பத்தைந்து நிமிடம். ஐம்பது வருடத்துக்கு முன்னால் மனை பிரித்து வீடு கட்டிய பகுதி. தெருவெல்லாம் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கிறது. அங்கே குடிபோனவர்கள் லேசில் கிளம்புவதில்லையாம். யாராவது செத்தால்தான், இல்லை பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போனால்தான் வீடு விலைக்கு வரும் என்றார் தரகர். இது இரண்டாவது வகை. பிரசவம் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு டாக்டரம்மா, மகளோடு போய் இருக்கப்போகிறார்.

கூடம், இரண்டு படுக்கையறை, சமையலறை. பின்பக்கம் தனிக் குழாயோடு ஒரு சின்ன அறை. கீழ்வீட்டுப் பட்டனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சட்டைக் கம்பெனிக்குப் பட்டன் தைத்துக்கொடுப்பவள், உனக்குத் தெரியுமே. இருபது வருடமாக எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி.

"யார் யாரும்மா இருக்கப்போறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நானும் என் தம்பியும். துறைமுகத்துல கிரேன் ஓட்டுறான். இங்க சரக்குக் கிடங்குக்கு மாத்தல் வாங்கிட்டு வந்துடுவான்."

"இவங்க?"

பட்டன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "பின்னறை இவளுக்கு."

நான் அவளிடம் அதுவரை அப்படிச் சொன்னதே இல்லை. முடியாத காலை இழுத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், "நெசமாத்தான் சொன்னியா, இல்ல அந்தம்மா முன்னாடி பந்தாவா?" என்றாள்.

இங்கே நான் இருக்கிற வாடகை வீட்டுக்கு நகராட்சி இரும்புத் தூண்கள் முட்டுக்கொடுத்திருக்கிறது. பழைய நகரத்துக் கட்டடம், ஒரு செங்கல்லை மாற்றக்கூட அனுமதி வேண்டும். அனுமதி வருவதற்குள் செங்கல் தானாகப் பெயர்ந்து வந்துவிடும். மழைக்கு முன்னால் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். என் வயதுக்கு எந்த பேங்கும் கடன் தராது, உனக்குத் தருவார்கள். அப்பா போன அன்று, "வீடு வாங்கி உன்னைத்தான் முதல்ல குடிவைப்பேன்" என்றாய். அதைச் சொல்லிக்காட்டவில்லை. சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் அக்கா

பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம். ஆனால் அவசரப்படாதே. ஐம்பது வருட வீடு என்கிறாய். சாக்கடைக் குழாய் எந்தக் காலத்தது? மொட்டைமாடி ஒழுகுமா? தாய்ப்பத்திரம் இருக்கிறதா? தரகர்கள் வாயில் சர்க்கரை தடவிக்கொண்டுதான் பேசுவார்கள். இங்கே கப்பல் வரத்து அதிகம், லீவு கேட்டால் சூப்பர்வைசர் முறைக்கிறார். நீ எல்லாவற்றையும் விசாரித்து எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்டபடி பிளம்பரைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்தேன். குழாய் ஆறு வருடத்துக்கு முன்னால் மாற்றியது. டாக்டரம்மா தன் ரோஜாச்செடி ஒன்றைப் பிடுங்க வேண்டியிருந்தும் முகம் சுளிக்கவில்லை. "தம்பி ரொம்ப கணக்கான ஆளு போல" என்றார். "ஆமா, சின்ன வயசுலயே வேர்க்கடலையை எண்ணித்தான் சாப்பிடுவான்" என்றேன். மாடியில் நான்கு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயிற்று, ஒழுகவில்லை. தாய்ப்பத்திரத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. இதற்காக டிக்கெட் கவுன்ட்டரில் மூன்று நாள் லீவு போட்டேன். கோட்டை பார்க்க வந்தவர்கள் வரிசையில் நின்று என்னைத் திட்டியிருப்பார்கள்.

நேற்று ஒரு தம்பதி வந்து வீட்டைக் கேட்டார்களாம். "பேசி முடிச்சாச்சு" என்று டாக்டரம்மா திருப்பி அனுப்பிவிட்டார். பேசித்தான் இருக்கிறோம், முடிக்கவில்லை.

இன்னொன்று. பட்டனின் அண்ணன் மகள் அவளைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள். பட்டன் பெட்டிகூடக் கட்டிவிட்டாள். நான்தான், "ரெண்டு மாசம் பொறுடி, அங்க போயி அந்தப் பொண்ணு வீட்ல மூலையில கிடக்கப்போறியா?" என்று பெட்டியைப் பிரிக்கவைத்தேன். நீ கையெழுத்துப் போட ஒரு நாள் வந்தால் போதும்.

உன் அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நகல் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் முத்திரை தெளிவாக இல்லை. வக்கீலிடம் காட்ட வேண்டும். ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். தூண் முட்டுக்கொடுத்திருக்கிறார்கள் அல்லவா, அந்தக் கட்டடம் இன்னும் நூறு வருடம் நிற்கும். கவலைப்படாதே.

அன்புத் தம்பி

ஜூன் 6

தம்பி,

மழை ஆரம்பித்துவிட்டது. என் அறைக்கதவு நிலையில் உட்கார மறுக்கிறது. நேற்றுப் பாலில் சுண்ணாம்புக் காரை விழுந்தது. பட்டன், "கால்சியம்டி, குடி" என்றாள். அவள் சிரிக்கிறாள், ஆனால் இப்போதெல்லாம் பகலில் கூடச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறாள்.

முத்திரை தெளிவாக வேறு நகல் எடுத்து மே மாதமே அனுப்பினேன். பதில் இல்லை. ஜூன் முடியும்வரை காத்திருக்கிறேன் என்கிறார் டாக்டரம்மா. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுது. நாங்கள் வேறு வழி பார்த்துக்கொள்வோம். ஒரு வரி போதும்.

அக்கா

ஜூன் 24

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஜனவரி மாதமே நான் இங்கே ஒரு ஃபிளாட் வாங்கிவிட்டேன். துறைமுக ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ஒரு பெண். போன மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். நல்லவள். ஆனால் முதலிலேயே சொல்லிவிட்டாள், "நம்ம ரெண்டு பேர் மட்டும்தான்" என்று. என் சம்பளத்துக்கு இன்னொரு கடன் எந்த பேங்கும் தராது.

உன் முதல் கடிதம் வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய், எனக்கு மனசு வரவில்லை. ஏதாவது ஒரு குறை கிடைத்தால் நீயே வேண்டாம் என்று விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீயோ நான் கேட்டதை எல்லாம் சரிபார்த்து எழுதிக்கொண்டே இருந்தாய். கடைசியாக வந்த உன் நகலை நான் பிரிக்கவே இல்லை.

மழை நின்றதும் வருகிறேன். உனக்கு நல்ல வாடகை வீடாகப் பார்ப்போம். பட்டனக்காவிடம் நீயே பக்குவமாகச் சொல். திட்டு, ஆனால் பேசாமல் இருந்துவிடாதே.

உன் தம்பி

ஜூலை 3

தம்பிக்கு,

உன் கடிதம் இருபத்தொன்பதாம் தேதி கிடைத்தது. உறையின் மேல் இருந்த வீடு இப்போது இல்லை. தபால்காரர் தெருவில் விசாரித்து, நாங்கள் தங்கவைக்கப்பட்டிருக்கிற பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

இருபத்தாறாம் தேதி காலை பத்தே முக்கால். நான் கவுன்ட்டரில் இருந்தேன். கோட்டைக்கு உள்ளே ஏதோ விழுந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சுற்றுலா வந்தவர்கள் புழுதியைப் படம் எடுத்தார்கள். நம் தெருப் பக்கம் என்று யாரோ சொன்னதும் கையில் டிக்கெட் கட்டோடு ஓடினேன். மேல்மாடி, என் அறை, எல்லாம் கீழ்வீட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. மாடியில் இருந்த மற்ற இரண்டு குடும்பமும் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருந்தார்கள். வீட்டில் இருந்து வேலை செய்கிறவள் பட்டன் ஒருத்திதான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுத்தார்கள். நான்தான் அடையாளம் சொன்னேன். முகத்தில் காயமே இல்லை. தலைமுடி மட்டும் சுண்ணாம்பில் வெள்ளையாகிவிட்டிருந்தது. கையால் தட்டித் தட்டித் துடைத்தேன், போகவில்லை.

மறுநாள் அவள் அண்ணன் மகள் வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் கேட்டாள், "அத்தை வர்றேன்னுதான் சொல்லியனுப்பினாங்க. திடீர்னு யாரு நிறுத்தினது?"

"நான்தாம்மா" என்றேன்.

அவள் என் தோளில் இருந்து கையை எடுத்துக்கொண்டாள். எதை நம்பி நிறுத்தினேன் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். உன்னைக் காப்பாற்ற வாயை மூடவில்லை. அவள் பெட்டியைப் பிரித்தது என் கைதான்.

டாக்டரம்மா ஒன்றாம் தேதி வேறு ஒருவருக்கு வீட்டைக் கொடுத்துவிட்டார். விஷயம் கேள்விப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஒரு போர்வை கொடுத்தார். "தம்பி வாங்கப்போறதில்லன்னு இன்னும் கொஞ்சம் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பின்னறையை மட்டுமாவது வாடகைக்கு விட்டிருப்பேனேம்மா" என்றார். எனக்கே தெரியாததை நான் எப்படி அவரிடம் சொல்வேன்?

நீ கல்யாணம் செய்துகொண்டது தப்பில்லை. ஃபிளாட் வாங்கியதும் தப்பில்லை. அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவளாவது மனசில் உள்ளதை முதலிலேயே சொன்னாள். பிப்ரவரியில் நீ ஒரு வரி எழுதியிருந்தால் பட்டன் மார்ச்சில் போயிருப்பாள். எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை. தினமும் அந்த ஒரு வரியிலேயே வந்து நிற்கிறேன்.

இன்று எங்களை நகராட்சி விடுதிக்கு மாற்றுகிறார்கள். ஒரு அறையில் ஐந்து பெண்கள். படிவம் நிரப்பிய குமாஸ்தா, "நெருங்கிய சொந்தம் யாரும்மா?" என்று கேட்டார். யாரும் இல்லை என்று எழுதச் சொன்னேன். கோபத்தில் சொல்லவில்லை. உன் பெயரைக் கொடுத்தால், எனக்கு ஒன்று ஆகும்போது உனக்குத் தகவல் அனுப்பிவிட்டு உன் பதிலுக்காகக் காத்திருப்பார்கள். இனி யாரும் அப்படிக் காத்திருக்க வேண்டாம்.

அக்கா