மற்றவன் வழக்கைச் சொல்லும் பாடம்

கோபிக்கத் தெரியாத என் மச்சான் அம்பலவாணருக்கு,

நீர் கண்ணை மூடி ஒரு வருடம் திரும்பிவிட்டது. உம்முடைய மனைவி, என் தங்கச்சி, சுகமாக இருக்கிறாள். உலக யுத்தம் முடிந்தபாடில்லை, அரிசிக்குக் கூப்பன் வந்துவிட்டது. எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி, நீர் தொடங்கிய வெள்ளிக்கிழமைப் பாடம் நிற்கவில்லை. அதை நடத்துவது நான்.

சிரிக்கிறீரா? கரும்பலகையைப் பார்த்தபடியே காலம் கழித்த கணக்கு வாத்தியார் நான். வேறு ஆள் இல்லை என்று, ஓய்வில் இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கு மனிதரோடு கதைக்கப் பழக்கப்போகிறேன் என்று நீர் சொன்னபோது, "பொடியள் வாயில்லாமலோ பிறந்தவங்கள்?" என்று ஆசிரியர்கள் பகிடி பண்ணினார்கள். கந்தோரில் அதிகாரியிடம் எப்படிக் கேட்பது, செத்தவீட்டில் என்ன சொல்வது என்றெல்லாம் நீர் பழக்கினீர். மற்றவன் வழக்கை அவனே 'ஓம்' என்னும்வரை சொல், பிறகு உன் வழக்கைச் சொல் என்பது உம்முடைய கடைசிப் பயிற்சி.

அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பிள்ளைகளை இடாப்பின் பெயர் வரிசைப்படி இரண்டிரண்டு பேராகப் பிரித்தேன். நீர் என்றால் யார் வீட்டுக்கும் யார் வீட்டுக்கும் பேச்சில்லை என்று முதலில் விசாரித்திருப்பீர். எனக்கு வரிசைதான் தெரியும். சண்டிலிப்பாய்க் கந்தையரின் மகன் இராசையாவும், அடுத்த வளவுச் செல்லத்துரையும் சோடியானார்கள். இரண்டு வளவுக்கும் நடுவில் உள்ள வேலிக்காக அந்தத் தகப்பன்மார் வருடக்கணக்காக வழக்காடுகிறார்கள். பொடியங்கள் பயிற்சிக்கு அந்த வழக்கையே எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த திங்கள் காலை கந்தையர் தோளிற் சால்வையோடு தலைமையாசிரியரின் அறைக்குள் வந்து நின்றார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"வாத்தியார், சாப்பிட இருக்கேக்கை என்ரை மோன் எனக்கு அவங்கடை பக்கத்து நியாயத்தைச் சொல்லுறான். கோட்டிலை எனக்காக வழக்குப் பேசுற பிரக்கிராசிக்குக் காசு கட்டுறது நான். என்ரை பிள்ளை அவங்களுக்குப் பிரக்கிராசியோ?"

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். "மாஸ்டர், உந்தப் பாடம் இனி வேண்டாம். அந்த நேரத்தைக் கணக்குக்கு எடுப்பம்."

மச்சான், ஓம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். ஆனால் நான் தலையாட்டினால், நீர் கட்டியது அந்த அறையிலேயே முடிந்துபோகும். கந்தையருக்குக் கதிரையை இழுத்துப் போட்டேன். உம்முடைய கடைசிப் பயிற்சியை நானே அவரோடு தொடங்கினேன்.

"உங்களைக் கேளாமல் பொடியங்களைச் சேர்த்து விட்டது பிழை எண்டு சொல்லுறியள்."

"அதுவும்தான். ஆனால் அது இல்லை."

"காணி கைவிட்டுப் போயிடும் எண்டு..."

"காணியை நான் பாப்பன். நீர் விடும்."

இன்னொன்று மனதில் இருந்தது. சொன்னால் அடிப்பாரோ என்று பயம். சொன்னேன்.

"மோன் சொன்னதுக்கு உங்களிட்டை மறுமொழி இல்லை. பிள்ளைக்கு முன்னாலை பேசாமல் இருக்க வேண்டி வந்திட்டுது."

அவர் சால்வையை எடுத்து மடியில் வைத்தார். வெளியே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஓம்," என்றார்.

"வடிவாத்தான் சொன்னவன், வாத்தியார். என்ரை பிரக்கிராசிக்கும் உப்பிடிச் சொல்லத் தெரியாது," என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையை நீர் கேட்டிருக்க வேண்டும். பிறகு தலைமையாசிரியரிடம் திரும்பினார். "பாடத்தை நிப்பாட்டாதையுங்கோ. ஆனால் என்ரை வழக்கையும் அந்தப் பொடியன் சொல்லவேணும். அவன்ரை தேப்பன் சாப்பிடேக்கை."

தலைமையாசிரியர் சிரித்துவிட்டார். பாடம் முன்போலவே நடக்கட்டும் என்றார்.

வழக்கு முடிந்துவிட்டது என்று உம்மிடம் பொய் சொல்லமாட்டேன். அடுத்த தவணைக்கும் இரண்டு பேரும் போவார்கள். ஆனால் செல்லத்துரை கந்தையரிடமே போய், அவருடைய நியாயத்தைக் கேட்டு வந்திருக்கிறான். படலைக்கு வெளியே நின்றானாம். உள்ளே வரச் சொல்லி ஆள் அனுப்பினாராம். இது உம்முடைய வேலை, மச்சான். நான் அதற்குப் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். அப்படி நின்றதே எனக்குப் பெரிது. நீர் இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பீரோ? செய்திருப்பீர்.

என் பயம் போகாது. பயந்துகொண்டே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வகுப்புக்குள் போவேன். இதை உமக்கு வாக்காகத் தருகிறேன்.

உம்முடைய தங்கமான குணத்தை நம்பித் தங்கச்சியைத் தந்த மச்சான்,
சின்னத்தம்பி