கையெழுத்து வைத்தவர் ஏறும் விமானம்

மொலேனா தீவுகள்
4.10.1987

அன்பின் மலர்,

உப்புக் காற்றும் தேங்காய்ப்பாலும் என்னைச் சுகமாகவே வைத்திருக்கின்றன. ஃபாரஸ்ட் கேட் வீட்டில் நீர் தனியே எப்படி இருக்கிறீர்? ஹீற்றரைப் போட்டுக்கொண்டு படுக்கிறீரா, இல்லை மிச்சம் பிடிக்கிறேன் என்று நடுங்குகிறீரா?

நான் வேலை பார்க்கும் விமானக் கம்பனியைப் பற்றிக் கேட்டிருந்தீர். முழுவதும் அரசாங்கத்துக்குச் சொந்தமானது. இருப்பது இரண்டு விமானங்கள். ஒன்று பறக்கிறது. மற்றது அதற்குப் பாகம் கழற்றிக் கொடுத்துக் கொடுத்து வெறும் கூடாக நிற்கிறது. பறப்பதில் பத்தொன்பது பேர் இருக்கலாம். கிழமைக்கு இரண்டு முறை, புதனும் சனியும், கடலைக் கடந்து லொரேற்றாவுக்குப் போய்வரும். அங்கேதான் லண்டனிலிருந்து வரும் பெரிய விமானங்கள் இறங்கும்.

இந்த ஒரு விமானத்துக்கு டிக்கெட் கொடுக்கப் பதினான்கு பேர் இருக்கிறார்கள். எல்லாரும் போக்குவரத்து அமைச்சரின் ஊர்க்காரர். போன கிழமை அமைச்சரின் மனைவி கைப்பையை மறந்துவிட்டார் என்று, பாதிக் கடல் தாண்டிய விமானத்தைத் திருப்பி அழைத்தார்கள். கட்டணத்தைத் தீர்மானிப்பது பாராளுமன்றம். நேரத்தைத் தீர்மானிப்பது மந்திரிசபை. பறக்கத் தகுதியா இல்லையா என்று பார்த்துக் கையெழுத்து வைப்பது மட்டும் நான். அந்த ஒரு மரியாதையை விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஒரு புதினம், கேளும். நான் வந்த புதிதில் விமானத்தில் புகை வந்து, அதைத் திருத்தி நிறுத்தியிருந்தேன். சனம் ஏற மறுத்துவிட்டது. மீன் விற்கும் பெண் ஒருத்தி கூடையோடு என் முன்னால் வந்து நின்று, “நல்லாயிருக்கு எண்டு கையெழுத்து வைச்சனீதானே, நீ ஏறுவியோ?” என்று அவர்கள் பாஷையில் கேட்டாள். நான் ஏறினேன். பின்னால் எல்லாரும் ஏறினார்கள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மிஸ்டர் பாலா ஏறினால்தான் மற்றவர்கள் ஏறுவார்கள். கிழமைக்கு இரண்டு முறை இலவசமாகக் கடல் பார்க்கிறேன் என்று வைத்துக்கொள்ளும்.

உம்மையே நினைத்திருக்கும்,
பாலேந்திரா


ஃபாரஸ்ட் கேட், லண்டன்
19.10.1987

அன்பின் அத்தானுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். இப்படித் தொடங்குவதற்கு மன்னியுங்கள். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் இங்கே அடித்த புயலைப் பற்றி அங்கே வானொலியில் சொல்லியிருப்பார்கள். வான்ஸ்ரெட் வெளியில் நின்ற பெரிய மரங்கள் வேரோடு கிடக்கின்றன. எங்கள் கூரையில் நாலு ஓடு போய்விட்டது. நான் படிக்குக் கீழே, பழைய கோட்டுகளுக்குள் முடங்கிக் கிடந்தேன். அப்போது பயந்தது எனக்காக அல்ல. இப்படி ஒரு காற்றில் அந்த விமானம் அகப்பட்டால் என்ற நினைப்புத்தான் என்னைப் போட்டு உலுக்கியது.

அந்த மீன்காரி கேட்டு நீங்கள் ஏறியது உங்களுக்குப் புதினம். எனக்கு அது புதினமில்லை. என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? பஸ்ஸில் மேல்தட்டுக்கு ஏறமாட்டேன். லிஃப்ற் வந்தால் படியால் போவேன். கொழும்பிலிருந்து வந்தபோது உங்கள் கையைப் பிடித்த பிடியில் என் நகம் பதிந்த அடையாளம் ஒரு கிழமை இருந்தது. நீங்கள்கூட, “இமிக்ரேசன்காரர் இதென்ன காயம் எண்டு கேக்கப்போறார்” என்று பகிடி விட்டீர்கள்.

கையெழுத்து வைப்பது உத்தியோகம், சரி. ஏறுவது எந்த உத்தியோகத்தில் சேர்ந்தது? எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர். அந்த மீன்காரிக்கு இதை யார் சொல்வது? ஹைகேற் முருகனுக்கு உங்கள் பெயரில் அர்ச்சனை செய்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டபோது அழுகை வந்துவிட்டது, துண்டில் எழுதிக் கொடுத்தேன்.

இனி ஏறாதீர்கள். ஆஸ்பத்திரிக் குசினியில் சமைத்து நான் உழைப்பது இரண்டு பேருக்குப் போதும்.

உங்கள்,
செல்வமலர்


மொலேனா தீவுகள்
8.2.1988

அன்பின் மலர்,

உம்முடைய கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஏறாதே, ஏறாதே என்றே இருக்கிறது. கோபிக்கவில்லை. வாசித்துவிட்டு ஏறுகிறேன், அவ்வளவுதான்.

இப்போது ஒரு உதவி வேண்டும். இடது இயந்திரத்தின் எரிபொருள் பம்ப் தளர்ந்துகொண்டு வருகிறது. மற்ற விமானத்தில் இருந்ததைப் போன வருடமே கழற்றி இதில் பூட்டியாயிற்று. லண்டனிலிருந்து புதியது ஒன்று எடுத்தோம். அது இங்கே வந்து, எங்கள் அரசாங்கத்தின் விமானத்துக்கு, எங்கள் அரசாங்கத்தின் சுங்கத்திலேயே முடங்கிக் கிடக்கிறது. சுங்க அமைச்சருக்கும் போக்குவரத்து அமைச்சருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு கலியாணத்தில் நடந்த சண்டையாம்.

அதனால் எங்கள் ஆட்களின் வழியில் போகப்போகிறேன். பார்க்கிங் ஊர் ஸ்டேசனுக்குப் பின்னால் இருக்கும் கடையில் இன்னொரு பம்ப் சொல்லிவைத்திருக்கிறேன். நீர் போய் எடுத்துக்கொள்ளும். ஒரு பெரிய தேங்காய் அளவுதான் இருக்கும். இங்கே ஆஸ்பத்திரியில் மேற்றனாக, தாதிமாருக்குத் தலைவியாக இருக்கும் பியற்றிஸ், யாழ்ப்பாணத்துப் பாஷையூர்ப் பிள்ளை, லீவில் லண்டனுக்கு, தமையன் வீட்டுக்கு வந்திருக்கிறார். மாத முடிவில் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்துவிடும். கைப்பொதியில் வந்தால் சுங்கத்தில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். மிளகாய்த்தூளும் கொஞ்சம் வையும். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடாதேயும், பம்ப் தும்மும்.

பயப்பட ஒன்றுமில்லை. பம்ப் வராவிட்டால் மார்ச் முதற்கிழமையோடு விமானத்தை நிறுத்துவேன் என்று அமைச்சரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

உம்முடைய,
பாலேந்திரா


ஃபாரஸ்ட் கேட், லண்டன்
2.3.1988

அன்பின் அத்தானுக்கு,

பம்ப்பை எடுத்துவிட்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இரும்புதான், ஆனாலும் கைக்குழந்தையைக் கொண்டுவருவது போலப் பொத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

பியற்றிஸ் அக்கா வந்தார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன். நல்ல மனுசி. சாப்பிட்டுக்கொண்டே, “உங்கட அவர் ஏறினாப் பிறகுதான் தங்கச்சி நாங்கள் ஏறுவம். போன மாசம் நடுக்கடலிலை இடது பக்கம் இருமிச்சுது. எல்லாரும் அவற்ற முகத்தைத்தான் பாத்தனாங்கள். அவர் சும்மா சிரிச்சுக்கொண்டு இருந்தார்” என்று சொன்னார். நீங்கள் எனக்கு இதை எழுதவில்லை.

அத்தான், மிளகாய்த்தூளைக் கொடுத்தேன். பம்ப்பைக் கொடுக்கவில்லை. கடைக்காரன் இன்னும் தரவில்லை என்று அந்த மனுசியிடம் பொய் சொன்னேன். அது இப்போது அலுமாரியில், என் கலியாணக் கூறைச்சேலைக்குள் சுற்றியபடி இருக்கிறது.

இதைக் கோபத்தில் செய்யவில்லை. பயத்தில் செய்தேன். பம்ப் வராவிட்டால் நிறுத்துவேன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? நிறுத்துங்கள். விமானம் நின்றால் உங்களுக்கு அங்கே வேலையில்லை. வேலையில்லாவிட்டால் வீட்டுக்கு வருவீர்கள். நாலைந்து மாதமாகக் கெஞ்சியும் நடக்காததை ஒரு இரும்புத் துண்டு செய்யட்டும். என்னை ஏசுங்கள், வந்து முன்னால் நின்று ஏசுங்கள்.

உங்கள்,
மலர்


மொலேனா தீவுகள்
29.3.1988

அன்பின் மலர்,

உம்மை ஏசுவதற்கு எழுதவில்லை. கடைசிவரை வாசியும்.

சொன்னபடி மார்ச் ஏழாம் திகதி விமானத்தை நிறுத்தினேன். பம்ப் இல்லாவிட்டால் பறக்காது என்று நீர் நம்பினீர். நானும் நம்பினேன். அரசாங்கத்தின் விமானம் அப்படி நிற்பதில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியாமல் போயிற்று. மூன்றே நாளில், அமைச்சரின் மருமகனுக்கு என் நாற்காலியைக் கொடுத்தார்கள். எங்கோ ஆறு கிழமை பயின்ற பொடியன். பழைய பம்ப்போடு விமானம் பறக்கத் தகுதி என்று அவன் கையெழுத்து வைத்தான்.

சனிக்கிழமை விமானத்துக்குச் சனம் வந்தது. லொரேற்றா ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணிகள் மூன்று பேர் இருந்தார்கள். நான் வாய் திறந்தால் கைது என்று சொல்லி, ஒரு பொலிஸ்காரனை என் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். பயந்துவிட்டேன், மலர்.  கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலியோரம் நின்றேன். நான் பின்னால் வருவேன் என்று நினைத்து, சனம் ஒவ்வொருவராக ஏறியது. கடைசியாக அந்த மீன்காரி படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். “மிஸ்டர் பாலா, நீ ஏறேல்லையோ?” என்றாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் படியிலிருந்து காலை எடுத்தாள். பிறகு கூடையை இறக்கினாள். உள்ளே ஏறியிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்தார்கள். கையெழுத்து வைத்த பொடியனை நடுவில் விட்டு, “அப்ப நீ ஏறு” என்றார்கள். அவன் தன் கால் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றே என் வேலை முழுதாகப் போயிற்று. வீட்டையும் விடச் சொல்லிவிட்டார்கள். பியற்றிஸின் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறேன். இனித்தான் உமக்குச் சொல்ல வேண்டியது. விமானம் இன்னமும் பறக்கிறது. தபாலும் சாமானும் கொண்டு போகிறது. அரசாங்க ஊழியர்களை உத்தரவு போட்டு ஏற்றுகிறார்கள். வெளியூர்க்காரர் விஷயம் தெரியாமல் ஏறுகிறார்கள். விமானி ரங்கராஜன், மெட்ராஸ்காரர், நேற்று வந்து அழாத குறை. “எனக்குப் பயமா இருக்கு சார். பாஸ்போர்ட்டை அமைச்சர் பூட்டி வெச்சிருக்கார். உங்க பம்ப் எப்ப சார் வரும்?” என்றார். அது உம்முடைய கூறைச்சேலைக்குள் இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்?

இங்கே ஜூன் வரை கப்பல் இல்லை. நான் உம்மிடம் வருவதென்றாலும் அந்த விமானத்தில்தான் வரவேண்டும். பம்ப் வந்தால், ஆருக்கும் சொல்லாமல் என்னைக் கொண்டே பூட்டுவிப்பதாக ரங்கராஜன் ஒத்துக்கொண்டிருக்கிறார். பூட்டிவிட்டு நானே ஏறுவேன். எல்லாரும் பார்க்க ஏறி, நேரே உம்மிடம் வருவேன்.

பார்சலில் போட்டால் சுங்கத்தில் கிடந்துவிடும். வருகிற ஒருவரிடம் கொடுத்துவிடும். ஆனால் இந்த விமானம் எப்படிப்பட்டது என்று அவருக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். சொல்லாமல் கொடுத்தனுப்பினால் எனக்கும் அந்தப் பொடியனுக்கும் என்ன வித்தியாசம்?

இந்தக் கடிதமும் அதே விமானத்தில்தான் புறப்படுகிறது. உமது கைக்கு வந்தால், அது இன்னொரு முறை தப்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும்.

பாலேந்திரா


ஃபாரஸ்ட் கேட், லண்டன்
14.4.1988

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்துவிட்டது. உறையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கதவடியில் இருந்தேன்.

அந்த மூன்று கர்ப்பிணிகளையும் நான் கண்டதில்லை. ஆனால் கண்ணை மூடினால் அவர்கள் வந்து நிற்கிறார்கள். பியற்றிஸ் அக்காவை நான்தான் வெறுங்கையோடு அந்த விமானத்துக்கு அனுப்பினேன். உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து, எத்தனை பேரைக் கடலுக்கு மேலே அனுப்பியிருக்கிறேன்.

கொண்டுவர ஆள் தேடினேன். உங்கள் தீவுக்குப் போகும் வியாபாரி ஒருவரைக் கோயிலடி ஜம்புநாதன் அண்ணை காட்டினார். உள்ளதைச் சொன்னேன். பயணத்தையே தள்ளிப் போட்டுவிட்டார். அங்கே வர இருந்த ஒரு சமூகசேவைக்காரியிடம் சொன்னேன். அவளும் மாட்டேன் என்றாள். என்னோடு குசினியில் வேலை செய்யும் பாலாம்பிகை எனக்குப் புத்தி சொன்னாள்: “நீயேன் எல்லாத்தையும் கொட்டுறாய்? வாயைப் பொத்திக்கொண்டு பொதியைக் குடுத்துவிடன்.” ஏலாது என்று சொல்லிவிட்டேன். விஷயம் தெரிந்த ஒருவரும் கொண்டுவரப் போவதில்லை. தெரியாத ஒருவரிடம் நான் கொடுக்கப் போவதில்லை.

ஆகவே தெரிந்தவள் வருகிறேன்.

கத்தாதீர்கள். டிக்கெட் எடுத்தாயிற்று. ஆஸ்பத்திரியில் லீவு சொல்லியாயிற்று. வீட்டுக் கதவுத் திறப்பைப் பாலாம்பிகை வைத்திருப்பாள். சனிக்கிழமை, இருபத்து மூன்றாம் திகதி, லொரேற்றாவிலிருந்து வரும் விமானத்தில் நான் இருப்பேன். பம்ப் என் மடியில் இருக்கும். கூறைச்சேலையை அவிழ்க்கவில்லை, அதோடுதான் கொண்டுவருகிறேன். சுங்கத்தில் கேட்டால் கலியாணச் சாமான் என்று சொல்வேன்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இந்த எழுத்தைப் பாருங்கள், எப்படிக் கோணிப் போகிறது என்று.  நேற்று வேண்டுமென்று எண்பத்தாறாம் பஸ்ஸின் மேல்தட்டில் ஏறி, முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் சுகமில்லையா என்று கேட்டார். திரும்பி வரும்போது மட்டும் கொஞ்சம் திறந்து பார்த்தேன்.

நீங்கள் ஏறினால்தான் அங்கே சனம் ஏறும் என்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பயப்படாமல் இருப்பார்களாம். அன்றைக்கு அந்த விமானத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். நான் யாருடைய முகத்தைப் பார்ப்பது? யாருடைய கையில் நகத்தைப் பதிப்பது? பம்ப்பைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடிதம் எனக்கு முந்தி வருமோ, என்னோடு அதே பையில் வருமோ தெரியாது. முந்தி வந்தால் சனிக்கிழமை வேலியடிக்கு வாருங்கள். அந்த மீன்காரியையும் வரச் சொல்லுங்கள். நான் கடைசியாக இறங்குவேன்.

உங்கள் குணம் எனக்குத் தெரியும். விமானம் நின்றவுடன் இடது இயந்திரத்தடிக்குத்தான் ஓடுவீர்கள். அத்தான், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் முதலில் என்னைப் பாருங்கள்.

மலர்