மொட்டை மலைக்கு எதிர் வீடு

அக்டோபர் 9

மழை. சமையலறை ஜன்னலில் மலை பாதிதான் தெரிகிறது. இளஞ்சிவப்புப் பாதி.

பக்கத்து வீட்டு ஐவர் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை கொண்டுவந்தார். சுரங்கத்தில் என் கணவர் கிளெமோடு இருபது வருஷம் வேலை பார்த்த மனுஷர். இன்னும் கதவைத் தட்டுவதில்லை. "ஊனா, கேட்டியா? பள்ளிக்கூடத்து ஓவிய அறையை மூடறாங்களாம். இனிமே ஹோபார்ட்ல ஒருத்தர் டிவியில பாடம் நடத்துவாராம். சட்டமன்றக் குழு இங்கேயே விசாரணைக்கு வருது. குழுவுல யாரு இருக்கா தெரியுமா? உன் பச்சைக்காரி!"

மெரினுக்கு ஊர் வைத்த பெயர் அது. என் மகள், பசுமைக் கட்சிக்காரி, தலைநகர் ஹோபார்ட்டில் இந்த மாநிலத்தின் சட்டமன்ற உறுப்பினர். பெரும்பான்மைக்கு ஒரே ஒரு இடம் குறைவாக வைத்து ஓடும் அரசாங்கத்துக்கு அவளுடைய கட்சி தயவு வேண்டும்.

மெரின் வருகிறாள். ஓவிய அறை எனக்கு இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வந்தது. முப்பத்தொரு வருஷம் நான் பாடம் நடத்திய அறை! வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 12

மாடி அறைக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டேன். அவள் அப்பா அடக்கத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டு அன்றே போனாள். ஆறு வருஷம். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைக் குரல் மட்டும்தான்.

அக்டோபர் 15

ஞாயிறு. போன்.

"நீ சாட்சி சொல்லப்போறியாம்மா?"

"கூப்பிட்டிருக்காங்க."

"சொன்னா, அறிக்கை வர்ற வரைக்கும் நான் உன் வீட்டுல தங்கக் கூடாது. சாப்பிடக்கூட வரக் கூடாது, போனும் பண்ணக் கூடாதுன்னு குழுத் தலைவர் சொல்றார்."

"சொல்லலேன்னா?"

நீளமாக மூச்சு விட்டாள். "சொல்லலேன்னா, ரெண்டு ராத்திரி தங்கலாம்னு இருந்தேன்."

இருந்தேன் என்றாள். அப்படியென்றால் ஏற்கெனவே நினைத்திருக்கிறாள். என் மகள் தானாகவே நினைத்திருக்கிறாள்!

அக்டோபர் 16

தூக்கம் சரியில்லை. எழுதிப் பார்த்தால் தெளியுமா?

பதினொரு வருஷத்துக்கு முன்னால் மெரின் தொலைக்காட்சியில் இந்த மலைகளைப் "புண்" என்றாள். உருக்காலைப் புகையும் மழையும் உரித்துப்போட்ட புண்; அரசாங்கம் மரம் நட்டு ஆற்ற வேண்டும் என்றாள். கிளெம் டிவியை அணைத்தார். "அது புண்ணுன்னா, அறுபது வருஷமா அதைப் பார்த்து ரொட்டி தின்ன நான் யாரு?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளோடு பேசவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் போனைக் கையில் பிடித்தபடி நான் நின்றேன், அவர் அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தார். இந்தாங்க, பேசுங்க என்று ஒரு தடவை நீட்டியிருக்கலாம். ஏன் நீட்டவில்லை? வகுப்பில் சண்டை போட்ட பிள்ளைகளை ஒரே தாளில் வரையச் சொல்லி உட்கார வைத்தவள்தானே நான்!

அக்டோபர் 22

ஐவரிடம் கேட்டேன், நான் போகாவிட்டால் என்ன என்று.

"உன் இடத்துல யாரு பேசுவா? நானா? எனக்கு பிரஷ்ஷுன்னா பல்லு தேய்க்கிறதுதான்."

சிரித்தேன். அவர் போனதும் மாடிக்குப் போய் விரிப்பை எடுத்து மடித்து வைத்தேன்.

நவம்பர் 19

குழு வந்துவிட்டது. மோட்டலில் தங்கியிருக்கிறார்கள். எங்கள் தெருமுனையில் இருந்து முந்நூறு அடி. ரொட்டி வாங்கப் போகும்போது அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனேன். எதற்கு? ஒரு சிவப்பு மழைக்கோட்டு வாசலில் காய்ந்தது. அவளுடையதாக இருக்கலாம்.

நவம்பர் 20

நகர மண்டபம். நீள மேசையில் ஐந்து பேர். மெரின் இடது ஓரம். முன்நெற்றி முடி நரைத்திருக்கிறது; போனில் அது தெரியாதே.

"சுருக்கமா சொல்லுங்க" என்றார் தலைவர். உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது என்றேன். மண்டபம் சிரித்தது. பாதிப் பேர் என் மாணவர்கள்.

சொன்னேன்: "பதினாறு வயசுப் பொண்ணு ஒருத்தி பரீட்சைக்கு நம்ம மலையை வரைஞ்சா. இளஞ்சிவப்பு, காவி, ஓடை வர்ற இடத்துல சாம்பல். பச்சையே கிடையாது. ஹோபார்ட்ல திருத்தினவர் மார்க்கைக் குறைச்சு, ஓரத்துல எழுதினார்: 'மலையை நேரில் பார்த்து வரையவும்.' மூணு மாசம் வகுப்பு ஜன்னல்ல உக்காந்து அதையே பார்த்தவ அவ. அவர்தான் பார்த்ததில்லை. கெட்டவர் இல்லை, தூரத்துல இருந்தார், அவ்வளவுதான். டிவியில பாடம் நடத்தப்போறவரும் தூரத்துலதான் இருப்பார். இந்த ஜன்னல் அவருக்கு எப்படித் தெரியும்?"

பிறகு இடது ஓரத்திலிருந்து: "திருமதி பாஸ்கோ, அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனா?"

திருமதி பாஸ்கோ.

"ஹோபார்ட் போயிட்டா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. பன்னெண்டு நிமிஷம்."

பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். மெரின் தாளைப் புரட்டினாள். புரட்டிய தாளையே திரும்பப் புரட்டினாள்.

"வேற கேள்வி இல்ல, தலைவரே."

நவம்பர் 21

வண்டிகள் கிளம்பிப் போயின. மலைப்பாதையின் கடைசி வளைவு வரை ஜன்னலில் நின்று பார்த்தேன்.

நவம்பர் 26

ஞாயிறு. போன் வரவில்லை. வரக் கூடாதுதான். தெரியும். மணியைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

டிசம்பர் 25

ஐவர் வீட்டில் ஆட்டுக்கறி. மெரினிடமிருந்து அட்டை: பெயர் மட்டும்.

பிப்ரவரி 15

அறிக்கை தாக்கலாகிவிட்டது. ஓவிய அறை பிழைத்தது, வாரம் இரண்டு நாள். பட்ஜெட்டுக்குக் கைதூக்க அவள் கட்சி கேட்ட விலையில் இதுவும் ஒன்றாம்.

"பச்சைக்காரி நல்லாத்தான் பேரம் பேசியிருக்கா" என்றார் ஐவர். அவர் வாயிலிருந்து அது பாராட்டு.

ஆறு மணிக்குப் போன். "அம்மா. இப்ப வரலாமா?"

மடித்து வைத்த விரிப்பில் நாப்தலின் உருண்டை வாடை. பரவாயில்லை.

பிப்ரவரி 24

வந்துவிட்டாள். சமையலறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். அடுப்புக்கு மேலே அவளுடைய பதினாறு வயது மலை, கிளெம் ஆணி அடித்த இடத்திலேயே.

"இதை எப்பவோ கழட்டியிருப்பார்னு நெனச்சேன்."

"வருஷா வருஷம் கண்ணாடியைத் துடைச்சார்."

கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதாள். கெட்டிலை வைத்தேன்.

பிப்ரவரி 25

பிப்ரவரியின் கடைசி ஞாயிறு. எங்கள் தெரு மலையேறும் நாள். புகை நின்று பல காலமாகிறது, செடிகள் தாமாகவே தலைகாட்டுகின்றன. மலை மலையாகவே இருக்கட்டும் என்று அவற்றைப் பிடுங்கிவிட்டு வருவோம். கிளெம் ஆரம்பித்தது. அவருக்குப் பிறகு நான் விடவில்லை. இதை மெரினிடம் எப்படிச் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தேன். அவளே பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

மேலே, ஓடைக்குப் பக்கத்தில், முழங்கால் உயரக் காட்டுமரக் கன்றுகள் இரண்டு.

"அப்பா எப்படிப் பிடுங்குவார்?"

"ரெண்டு விரல். அடியோட."

குனிந்தாள். ஒன்றைப் பிடுங்கினாள். வேரோடு வந்தது. "இது அவருக்கு."

மற்றதற்குக் கையை நீட்டினாள். என் பூட்ஸைக் குறுக்கே வைத்தேன். "இது இருக்கட்டும்."

"ஏன்மா?"

"இது உனக்கு."

கீழேயிருந்து ஐவர் கத்தினார்: "பச்சைக்காரி பிடுங்கறா, கிளெம் பொண்டாட்டி காவல் நிக்கறா! நான் தண்ணி போட்டிருக்கேனா, நீங்க போட்டிருக்கீங்களா?"

பிப்ரவரி 27

மழை. மலை தெரியவில்லை. மாடி அறை விரிப்பை எடுக்கவில்லை; அடுத்த மாதமும் அவளுக்கு அது வேண்டும்.