வளைவில் வைக்காத விளக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நான் நலம். அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன், சோதித்துப் பார்த்து எழுதவில்லை. உன் நலத்தை உன் மாமா வழியாகத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. நான் அனுப்பும் செய்திகளுக்கு நீல டிக் மட்டும் ஒழுங்காக விழுகிறது, போன் மணி அடித்து அடித்துத் தானாக ஓய்ந்துபோகிறது. காகிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுத்தாக வேண்டும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். கிழிப்பதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுக் கிழி. அக்கா செத்த இடம்தான் அலுவலகப் பட்டியலில் முதலில் இருந்தது, அதை அவரே அடித்துவிட்டார் என்று உன் மாமா உன்னிடம் சொன்னானாம், அம்மாவுக்கு ஒரு லைட்டு கூடப் போட மாட்டாராமா அவரு என்று நீ கேட்டாயாம். அவன் சொன்னது பொய்யில்லை. நான்தான் அடித்தேன். ஏன் என்பதை அவன் கேட்கவில்லை, அவனுக்குப் பாதிச் செய்தி கிடைத்தாலே ஒரு நாள் முழுக்கப் பேசப் போதும். மீதிப் பாதியை நான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. துணி துவைக்கும் மெஷின் சரியாகத்தான் இருக்கிறது, போட்ட துணியை எடுக்கத்தான் மறந்துபோகிறேன், அதனால் ஒரே சட்டையை இரண்டு தடவை துவைக்கிறேன், ஊரிலேயே சுத்தமான ஆள் இப்போது நான்தான். உன் அம்மாவின் போனை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் அதற்கு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்தது, இந்த ஆண்டும் பாதுகாப்பாக ஓட்டியதற்குப் பாராட்டுகளாம், அடுத்த ஆண்டுக்குச் சலுகை உண்டாம். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை, டீ ஆறிப்போனதுதான் மிச்சம். உன் அத்தை வந்து போனாள். நாப்பத்தொரு வயசெல்லாம் ஒரு வயசாடா என்று ஆரம்பித்தாள். எனக்குப் பெண் பார்க்கிறாளாம். வேலையில் இருப்பவளா, சமைப்பாளா, முன் கல்யாணத்தில் குழந்தை உண்டா, உன்னோடு ஒத்துப்போவாளா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தி வைத்திருக்கிறாள். எங்கள் அலுவலகத்தில் ஏழெட்டு என்ஜினியர்கள் சேர்ந்து செய்ய முடியாத வேலை. எங்கள் துறைக்கு ஆலோசகராக வந்துவிடேன் அக்கா என்றேன். கேலி பண்ணாதடா, முதல் மார்க் வாங்கினவ ரொம்ப நல்ல பொண்ணு என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். நீ பயப்படாதே, அந்தப் பட்டியல் எங்கும் போகாது.

இப்போது என் பட்டியலுக்கு வருகிறேன். உன் அப்பாவுக்குச் சம்பளம் எதற்கு என்று நீ சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாய், நான் சொன்னதும் தூங்கிப்போயிருக்கிறாய். நெடுஞ்சாலையில் எந்த இடத்தில் கேமரா வைப்பது, எங்கே எழுத்து ஓடும் மின்பலகை வைப்பது, எங்கே வண்டிகள் தேங்குவதை உணரும் கருவியைப் பதிப்பது, இதில் எது முதலில், எது பிறகு என்று திட்டம் போடுவதுதான் என் வேலை. எல்லா இடத்துக்கும் வேண்டும், எல்லா இடத்துக்கும் கிடைக்காது, அதனால் ஒவ்வோர் இடத்துக்கும் மதிப்பெண். விபத்து எத்தனை, நெரிசல் எவ்வளவு நேரம், கரண்ட் வசதி உண்டா, கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பார்கள், இப்படி. இந்தக் கடைசிக் கேள்வியை எங்கள் துறையில் யாருக்கும் பிடிக்காது. வைப்பதில் இருக்கும் ஆசை, பார்த்துக்கொள்வதில் இல்லை. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மின்பலகை வைத்த நாளிலிருந்து சோதனை என்ற ஒரே வார்த்தையைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. ஜனங்கள் அதை அந்த இடத்தின் பெயராகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள், பஸ்ஸில் சோதனைக்கு ஒரு டிக்கெட் குடுங்க என்று கேட்டு வாங்குகிறார்கள், கண்டக்டரும் கொடுக்கிறார். எங்கள் துறை இதுவரை ஒழுங்காக உருவாக்கியது அந்த ஒரு பஸ் ஸ்டாப்பைத்தான்.

அம்மா போன பிறகு எடுத்த லீவு முடிந்து நான் அலுவலகம் போனபோது எல்லோரும் குரலைத் தணித்துவிட்டார்கள், ஆஸ்பத்திரி வார்டுக்குள் நடப்பதுபோல் என் மேஜையைத் தாண்டிப் போனார்கள். ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்கள், குளிருகிறது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பக்கத்து மேஜைக்காரர், எதற்கெடுத்தாலும் இத்தனை சதவீதம் என்று பேசுவாரே, நீயும் அம்மாவும் சதவீதம் மாமா என்று பெயர் வைத்தீர்களே, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க வலி எனக்கு நூறு சதவீதம் புரியுது சார், என் பைக்கு திருடு போய் இன்னும் கெடைக்கல என்றார். நல்ல மனுஷன்தான். அந்த நல்ல மனசில்தான் வினை வந்தது. நான் இல்லாத நாட்களில் அவர்தான் என் பட்டியலைப் பார்த்துக்கொண்டார். கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினார்கள். பட்டியலில் பாதிக்கும் கீழே இருந்த, உன் அம்மா செத்த அந்த வளைவு முதல் இடத்தில் பச்சை நிறத்தில் நிற்கிறது. எப்படி என்று பார்த்தால், கடைசியில் மக்கள் உணர்வு என்று புதிதாக ஒரு கட்டம், அதில் அந்த வளைவுக்கு மட்டும் முழு மதிப்பெண், மற்ற எல்லாவற்றுக்கும் பூஜ்யம். மற்ற இடங்களில் செத்தவர்களுக்கெல்லாம் மக்களும் இல்லை உணர்வும் இல்லை போலிருக்கிறது. எங்கள் பெரிய அதிகாரி எழுந்து நின்று, இது நம்ம குடும்பத்துக்கு நாம செய்யற மரியாதை, சாலைக்குக் குறுக்கே பெரிய வளைவுத் தூண், அதுல பெரிய பலகை, சுவிட்சை நீங்கதான் போடணும் என்றார். கை தட்டினார்கள். சாவுக்குக் கை தட்டி நான் பார்த்தது அன்றுதான். பலகை விற்கும் கம்பெனிக்காரர் சத்தமாகத் தட்டினார், அவருக்கு எந்த வளைவானாலும் சரி.

நீ நினைப்பதுபோல் நான் உடனே மறுக்கவில்லை பாப்பா. எனக்கு எதுவும் தோன்றவில்லை, சரி என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன். பிறகு என் மேஜைக்கு வந்து, பழக்கம் எங்கே விடுகிறது, அந்தப் பலகையில் என்ன எழுத்து ஓட வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். முன்னால் வண்டிகள் நிற்கின்றன, வேகத்தைக் குறைக்கவும். எழுதிவிட்டுப் பார்த்தேன். வண்டிகள் ஏன் நிற்கின்றன. இத்தனை நாளில் இதை நானும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. உன் அம்மா அதிவேகமாகப் போகவில்லை என்று போலீஸே எழுதிக் கொடுத்திருக்கிறது. வளைவு திரும்பினாள், அங்கே நிற்கக் கூடாத இடத்தில் வரிசையாக வண்டிகள் நின்றன. அந்த வரிசையின் வால்தான் வளைவில் இருந்தது. தலை எங்கே இருந்தது என்று பார்க்க மறுநாள் சாயங்காலம் போனேன். சதவீதம் நானும் வரேன் சார் என்று குடையோடு வந்துவிட்டார்.

தொழிற்பேட்டைக்கு இறங்கும் கிளைச்சாலை உனக்குத் தெரியும், அதன் மேல் நடைபாலம் இருக்கிறதே, அதில் நின்றோம். கீழே இறங்கும் இடத்தில் ஒரு சிக்னல். அது பச்சையாக இருக்கும் நேரம் அந்தப் பேட்டையில் நாலு கொட்டகை இருந்த காலத்தில் வைத்தது, இன்றுவரை யாரும் மாற்றவில்லை. வேலை முடிந்து கம்பெனி பஸ்களும் லாரிகளும் குறுக்கே வந்ததும், இறங்க வேண்டிய வண்டிகள் கிளைச்சாலையில் நிரம்பி, நெடுஞ்சாலையில் ஏறி, பின்னால் வரிசையாக நின்றுகொண்டே போயின. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். சாவகாசமாக, தினமும் செய்கிற வேலைபோல, வரிசையின் வால் வளைவுக்குள் போய் மறைந்தது. அவர் குடையை மடக்கி வைத்துவிட்டு, அன்னிக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் இல்ல சார் என்றார். எத்தனை சதவீதம் என்று சொல்லவில்லை.

உன் அம்மா செத்த இடம் வேறு, அவள் சாவு புறப்பட்டு வந்த இடம் வேறு. அந்தக் கிளைச்சாலையில் தரைக்கடியில் வண்டிகளை உணரும் கருவி பதித்து, வரிசை நிரம்பினால் சிக்னல் தானாகவே பச்சை நேரத்தைக் கூட்டிக்கொள்ளும்படி செய்தால், வரிசை நெடுஞ்சாலைக்கு ஏறாது. ஏறாவிட்டால் வளைவில் யாரும் நிற்க மாட்டார்கள். அடுத்த கூட்டத்தில் மக்கள் உணர்வு கட்டத்தை அடித்தேன், வளைவை அதன் பழைய இடத்துக்கே இறக்கினேன், கிளைச்சாலையை முதலில் எழுதினேன். பெரிய அதிகாரிக்கு முகம் தொங்கிவிட்டது. தரைக்குள்ள பொதைச்சா யாரு கண்ணுக்குத் தெரியும், எதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறது என்று உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். தெரியாதுதான் சார், வரிசை வராமப் போறதும் யாரு கண்ணுக்கும் தெரியாது என்றேன். கம்பெனிக்காரர், சாருடைய மனநிலை இப்ப, என்று இழுத்தார். சதவீதம் அவரைப் பார்த்து, சாரு மனநிலை நூறு சதவீதம் சரியா இருக்கு, நீங்க உக்காருங்க என்றார். அதன் பிறகு யாரும் வாதாடவில்லை. என் கணக்கு புரிந்து ஒப்புக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் முடியாது என்று சொல்ல அந்த அறையில் யாருக்கும் வாய் வரவில்லை, அவ்வளவுதான். கூட்டத்துக்கு முன்பே எனக்கு அது தெரியும். தெரிந்துதான் போனேன்.

ஆக, நீ கேட்ட விளக்கு வளைவில் வராது. தூண் வராது, பலகை வராது, நான் சுவிட்சும் போட மாட்டேன். அங்கே ஓர் எச்சரிக்கை விளக்கு வைத்தால் அது தினமும் சாயங்காலம் எரிய வேண்டும் பாப்பா, எரிகிறது என்றால் தினமும் அங்கே வண்டிகள் நிற்கின்றன என்று அர்த்தம். உன் அம்மா பேரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், அது உன் உரிமை, ஆனால் அம்மாவுக்கு ஒன்றும் செய்யவில்லை என்ற கோபம் மட்டும் வேண்டாம். கிளைச்சாலையில் பள்ளம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் இப்போது நெரிசல் முன்பைவிட மோசம், எங்களைத் திட்டாத டிரைவர் கிடையாது, நானும் ஓரமாக நின்று கேட்டுக்கொள்கிறேன். உன் பரீட்சை முடிவதற்குள் முடித்துவிடுவோம்.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணாடி பவர் மாற்ற வேண்டும் என்றாயே, தள்ளிப்போடாதே. மாமாவிடம் சண்டை பிடிக்காதே, அவன் அக்காவை இழந்தவன், பேசித்தான் ஆற்றிக்கொள்கிறான். நீ எங்கிருந்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும், உன் வழியெல்லாம் தடையில்லாமல் இருக்க வேண்டும், உன் அம்மா சொல்ல வேண்டியதையும் சேர்த்து நானே சொல்லிக்கொள்கிறேன். மறக்காமல் ஒன்று செய். லீவுக்கு டிக்கெட் போடும்போது என்னை நினைத்துக் காலை விமானத்தைத் தேடாதே, சாயங்காலம் வந்து இறங்குவதாகப் போடு. வேலை முடிந்து பேட்டையே வீட்டுக்குக் கிளம்பும் நேரம். அன்றைக்குப் பிறகு நான் அந்த வளைவைத் தாண்டி ஓட்டியதில்லை, சுற்றுவழியில்தான் போய் வருகிறேன். நான்தான் வண்டி ஓட்டுவேன், நீ பக்கத்தில் உட்கார்ந்திரு. விமான நிலையத்திலிருந்து அந்த வளைவு வழியாக, நேர்வழியிலேயே வீட்டுக்கு வருவோம்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா